தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னால் ஒரு சூயஸ் கால்வாய்

உலகை மாற்றிய நிகழ்வுகள் என்று யாராவது பட்டியல் போட்டால் அதில் என்னவெல்லாம் வரும் என்று படிக்காமலே சொல்லிவிடலாம். 1789 பிரெஞ்சுப் புரட்சி, 1914 முதல் உலகப்போர், 1917 ரஷ்யா, 1945 ஹிரோஷிமா, 1989 பெர்லின் சுவர், நடுவில் நமக்காக ஒரு 1947. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் நோட்டுகளிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும். பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதையெல்லாம் படிக்கும்போது, பெரிய விஷயங்கள் எல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்தன, நமக்கு அவை செய்தியாக மட்டும் வந்து சேர்ந்தன என்கிற ஒரு நினைப்பு தன்னால் உட்கார்ந்துவிடுகிறது.

என்னிடம் கேட்டால் நான் 1869 முதல் 1873 வரையிலான அந்த நாலைந்து வருஷத்தைச் சொல்வேன். ஒரு கால்வாய், கடலுக்கு அடியில் ஒரு தந்திக் கம்பி, பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் நடந்த ஒரு போர், அதன் வால் பிடித்து வந்த ஒரு நாணய மாற்றம், இங்கே நம் ஊரில் ஒரு ரயில் இணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பரீட்சையில் இரண்டு மார்க்கைத் தாண்டாது. ஆனால் இன்று நாம் உலகப் பொருளாதாரம் என்று சொல்கிறோமே, எங்கோ ஓர் இடத்து விலை இன்னோர் இடத்து அடுப்பை அணைக்கும் அந்த ஏற்பாடு, அதற்கு அஸ்திவாரம் போட்டது இவைதான். அந்த ஏற்பாடு எப்படியெல்லாம் வேலை செய்யும் என்று உலகத்துக்கு முதலில் தெரிந்த இடங்களில் சென்னையும் ஒன்று. 1876 முதல் 1878 வரை நடந்த பஞ்சத்தில். நம் பாட்டன் பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது அதைத்தான்.

வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாமல் ஊர் தனித்துக் கிடந்தது, மழை பொய்த்தது, ஜனங்கள் செத்தார்கள் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடுவது உண்டு. மதராஸ் அப்போது தனித்துக் கிடக்கவில்லை. ரயில் இருந்தது, தந்தி இருந்தது, கப்பல் இருந்தது, பர்மா அரிசி கடற்கரையில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படி இருந்தும் லட்சக்கணக்கில் செத்தார்கள். அது எப்படி என்பதுதான் விஷயம்.

முதலில் கால்வாய். பெர்டினாண்ட் டி லெசெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1859ல் எகிப்தில் தோண்ட ஆரம்பித்து, பத்து வருஷம் கழித்து, 1869 நவம்பர் 17 அன்று சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதுவரை லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் சரக்குக் கப்பல் ஆப்பிரிக்காவை முழுசாகச் சுற்றித்தான் வர வேண்டும். கால்வாய் வந்ததும் பம்பாய்க்கு வரும் தூரத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. செங்கடலின் காற்று பாய்க்கப்பலுக்கு ஒத்துவராது, ஆகவே கால்வாயால் லாபம் அடைந்தது நீராவிக் கப்பல்தான். நீராவிக் கப்பலுக்குக் காற்றை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த வாரத்தில் வந்து சேரும் என்று முன்கூட்டியே சொல்லலாம், அப்படிச் சொல்ல முடிந்தால்தான் விலை பேசி முன்பணம் கொடுத்துச் சரக்கு வாங்க முடியும். தானியம் மாதிரி விலை மலிவான, எடை கனமான சரக்கைக்கூட ஆறாயிரம் மைல் தள்ளி விற்று லாபம் பார்க்கலாம் என்று ஆனது இதற்குப் பிறகுதான். 1873ல் கோதுமை மீதான ஏற்றுமதி வரியையும் எடுத்துவிட்டார்கள். வட இந்தியக் கோதுமை லண்டனுக்குப் போக ஆரம்பித்தது. தெற்கே பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877-78ல் மூன்று லட்சம் டன்னுக்கும் அதிகமாகப் போனது.

இதைக் கேட்டதும் நம் வாயில் இருந்த சோற்றைப் பிடுங்கிக் கப்பல் ஏற்றினார்கள் என்று கோபம் வரும், வர வேண்டியதுதான், ஆனால் அது பஞ்சாப், இன்றைய உத்தரப் பிரதேசப் பக்கத்துக் கோதுமை, நம் ஜனங்கள் சாப்பிட்டது கம்பு, சோளம், கேழ்வரகு, கையில் காசு இருந்தவர்கள் அரிசி. இரண்டும் ஒரே தட்டு இல்லை. கோதுமைக்கும் அரிசிக்கும் கம்புக்கும் விலை ஒன்றையொன்று இழுக்கும் என்பது உண்மை, வடக்கில் மிச்சத் தானியம் இருந்திருந்தால் தெற்கே அனுப்பியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் நேரடிக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

அதற்குத் தந்திக் கதைக்கு வர வேண்டும். 1865லேயே பாரசீக வளைகுடா வழியாக இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தந்தித் தொடர்பு வந்துவிட்டது, ஆனால் துருக்கி நாட்டுக் கம்பிகள் வழியாக அனுப்பினால் செய்தி வந்து சேர நாள் கணக்கில் ஆகும், வந்தாலும் எழுத்தெல்லாம் சிதைந்து வரும். 1870ல் ஜான் பெண்டர் என்ற தொழிலதிபரின் நிறுவனங்கள் இங்கிலாந்திலிருந்து ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய் வரை கடலடிக் கம்பி போட்டு முடித்தன. ஒரு மாதம் கடிதத்துக்குக் காத்திருந்த வியாபாரிக்கு லண்டன் விலை சில மணி நேரத்தில் கையில். அடுத்த வருஷமே, 1871ல், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு இன்னொரு கம்பி. அதே வருஷம் ஹாங்காங் வரை போய்விட்டது. லண்டனில் இருந்து சீனக் கடல் வரை நீண்ட அந்தக் கோட்டில், தரைக்கம்பி முடிந்து கீழ்க்கடலுக்குள் கம்பி இறங்கிய இடம் நம் ஊர்க் கடற்கரை. (இன்றைக்கும் அதேதான். 2002ல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,200 கி.மீ. நீளக் கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.)

ரயிலும் அதே 1871ல்தான். ராயபுரம் ஸ்டேஷன் 1856ல் திறந்தது, அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாக மேற்குக் கரையின் பேப்பூர் வரை 1862க்குள் பாதை போட்டுவிட்டார்கள். வடமேற்கே கடப்பை, ஆதோனி வழியாகப் போன பாதை 1871ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. ஆக, பஞ்சம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே சென்னையின் மூன்று கதவுகளும் திறந்தாகிவிட்டன. ஒரே ஒரு குறை, துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், மசூலாப் படகில் ஏற்றி அலையில் நனைந்து கரைக்குக் கொண்டுவர வேண்டும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார், 1881 புயல் அந்த அலைதடுப்புச் சுவர்களை உடைத்துப் போட்டது, அது தனிக்கதை.

சரி, இதற்கும் விவசாயிக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1861ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். வட மாநிலங்களின் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை அடைத்தது. மான்செஸ்டர் மில்களுக்குப் பஞ்சு இல்லை. உடனே இந்தியப் பருத்திக்கு வந்த யோகம் இருக்கிறதே, விலை எங்கோ போனது. பல்லாரி, கோயம்புத்தூர், திருநெல்வேலிக் கரிசலில் கம்பும் சோளமும் விளைந்த நிலத்தில் பருத்தி போட்டார்கள், சிலர் கடன் வாங்கிப் போட்டார்கள். 1865ல் அங்கே போர் முடிந்தது, இங்கே விலை விழுந்தது. லிங்கன் ஜெயித்ததில் நமக்கெல்லாம் சந்தோஷம்தான், ஆனால் கடனோடு நின்ற பல்லாரிக் குடியானவனுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும். பத்து வருஷம் கழித்து மழை பொய்த்தபோது அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் கையில் சேமிப்புத் தானியமும் இல்லை, மார்வாடியிடமோ செட்டியாரிடமோ புதிதாகக் கடன் வாங்க ஈடும் இல்லை. நெசவாளிகள் நிலை இன்னும் மோசம். சாப்பாட்டுக்கே வழியில்லாத வருஷத்தில் யார் புதுச் சேலை வாங்குவார்கள்? விளைச்சல் போனதால் பாதி ஜனம் பட்டினி என்றால், அவர்கள் வாங்குவதை நிறுத்தியதால் மீதி ஜனம் பட்டினி.

இப்போது அந்த நாணய விவகாரம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பஞ்சப் புத்தகங்களில் இது ஓரத்தில் ஒரு வரியாகப் போய்விடுகிறது, எனக்கோ இதுதான் முடிச்சு என்று படுகிறது. 1870-71ல் பிரஷ்யா பிரான்சைத் தோற்கடித்தது. தோற்ற பிரான்ஸ் 500 கோடி பிராங்க் இழப்பீடு கட்ட வேண்டும் என்று முடிவானது. அந்தப் பணபலத்தில், பிரஷ்யா தலைமையில் புதிதாகப் பிறந்த ஜெர்மனி, 1871லும் 1873லும் சட்டம் போட்டு, வெள்ளி நாணயத்தைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறியது. பழைய வெள்ளியைச் சந்தையில் கொட்டியது. அமெரிக்காவில் நெவாடா சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி வந்து குவிந்துகொண்டிருந்தது. வெள்ளி விலை சரிந்தது. நம் ரூபாயோ வெள்ளி ரூபாய்.

இரண்டு ஷில்லிங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த ரூபாய் 1876ல் ஒரு ஷில்லிங் எட்டு பென்ஸ் பக்கம் இறங்கிவிட்டது (ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், இருபது ஷில்லிங் ஒரு பவுண்ட்). இந்திய அரசு இங்கே வரி வசூலித்தது ரூபாயில், லண்டனுக்குக் கட்ட வேண்டியது பவுண்டில். ஓய்வூதியம், ரயில் கம்பெனிகளுக்கு உத்தரவாத வட்டி, ராணுவச் செலவு என்று வருஷா வருஷம் ஒரு பெரிய தொகை. ரூபாய் இறங்க இறங்க அந்தத் தொகையைக் கட்டக் கூடுதல் ரூபாய் வேண்டும். கல்கத்தாவில் நிதித்துறைக்காரர்களுக்குத் தூக்கம் போனது இதனால்தான், மழையால் இல்லை. மழை பொய்த்த செய்தி அங்கே போய்ச் சேர்ந்தபோது, எங்கே செலவைக் குறைக்கலாம் என்று ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி வருகிறார். 1873-74ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி இறக்குமதி செய்து, கையைத் தாராளமாக விட்டுச் செலவு செய்து, சாவை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியவர் இவர். பாராட்டவா செய்தார்கள்? 60 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு, இத்தனை ஊதாரித்தனமா என்று லண்டனில் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதே மனிதரைத்தான் வைஸ்ராய் லிட்டன் 1877 தொடக்கத்தில் சென்னைக்கு அனுப்பினார், செலவைக் குறைக்கச் சொல்லி. பழைய பெயரைத் துடைக்க வேண்டும் என்ற வேகத்தில் வந்தவர், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆம்பிளைக்கு ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியத்தின் விலையும், உப்பு மிளகாய்க்குக் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு ராத்தல் என்றால் 450 கிராம் சொச்சம். நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டுகிறவனுக்கு. பருப்பு, காய் எதுவும் கணக்கில் இல்லை.

மதராஸ் அரசின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். இதைவிட அதிகமாக நம் சிறைக்கைதிக்குக் கொடுக்கிறோமே என்பது அவர் கேள்வி. அதிகாரிகளுக்குள் நடந்த இந்தச் சண்டையைப் படித்தால் ஒன்று புரியும், அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாமல் நடந்த தவறு இல்லை இது, மருத்துவக் கணக்கோடு, எண்களோடு, நேருக்கு நேர் எச்சரிக்கப்பட்ட பிறகும் நடந்தது. பிற்பாடு கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதற்குள் முகாம்களில் காலராவும் வயிற்றுப்போக்கும் புகுந்து வேலையை முடித்திருந்தன.

தானியம் இல்லாமல் இல்லை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். 1876 வடகிழக்குப் பருவமழை பொய்த்ததுமே வியாபாரிகளிடம் தந்தி ஓடியது. எந்த ஊரில் என்ன விலை என்று ஒரே நாளில் எல்லா மண்டிக்கும் தெரியும். பழைய காலத்தில் ஒரு தாலுகாவில் விளைச்சல் போனால் அந்தத் தாலுகாவில் மட்டும் விலை ஏறும், பக்கத்து ஜில்லாவில் பழைய விலையிலேயே இருக்கும். இப்போது இருப்பு நன்றாக இருந்த ஊரிலும் வியாபாரி மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு நாளைக்கு எங்கே விலை ஏறும் என்று பார்த்தான். ஒரு மாகாணம் முழுக்க விலை ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று மடங்கு ஏறியது. தந்தி பஞ்சத்தை உண்டாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன், விலை ஏறினால்தானே பர்மாக்காரன் அரிசி அனுப்புவான், அனுப்பவும் செய்தான். ஆனால் அந்த அரிசியை வாங்கக் கையில் கூலி வேண்டும். கூலிக்காரனுக்கு வேலையே இல்லை, வேலை கொடுத்த அரசோ கூலியை ராத்தல் கணக்கில் சுருக்கியிருந்தது.

சென்னைக் கடற்கரையில் அரிசி மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன, காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். உள்மாவட்டங்களிலிருந்து நடந்தே வந்தவர்கள் அந்த மூட்டைகளைச் சுற்றி மணலில் சிந்திய அரிசியைப் பொறுக்கினார்கள். ரயிலிலும் ஒரு அளவுக்குத்தான் ஏற்ற முடிந்தது, வேகன் பற்றாக்குறை. ரயிலடியில் இறங்கியதை ஊருக்குள் கொண்டுபோக மாட்டு வண்டி வேண்டும், தண்ணீரும் வைக்கோலும் இல்லாமல் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. இந்த ஒரு விஷயத்தை ரயில்வேயைப் புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் சேர்ந்தே மறந்துவிடுகிறார்கள். ரயில் என்னதான் வேகமாகப் போனாலும் கடைசிப் பத்து மைலுக்கு அது ஒரு ஜோடி மாட்டை நம்பித்தான் இருந்தது.

சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சம் வந்தபோது அங்கே ரயில் ஓட ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை சுமார் 19.7 லட்சம். 1881ல் சுமார் 16 லட்சம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இல்லை. எல்லாரும் செத்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஊரை விட்டுப் போனவர்களும் இதில் உண்டு, ஆனாலும். கடப்பை, கர்நூல், பல்லாரி எல்லாம் இதே கதைதான், அதில் கடப்பையும் பல்லாரியும் ரயில் போன ஜில்லாக்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பதுதான் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் மதிப்பீடு, அதைவிட மிக அதிகமாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கொங்குப் பக்கத்துக் குடும்பங்களில் எறும்புப் புற்றைத் தோண்டித் தானியம் எடுத்தது, கள்ளிப்பழம் தின்றது என்று இன்னும் கதை சொல்வார்கள். சாவு உச்சத்துக்குப் போனது கணக்குப்படி அடுத்த வருஷமான ஈஸ்வர வருஷத்தில், ஆனால் பெயர் தாதுவுக்குத்தான் நிலைத்தது.

ஊரை விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்பதிலும் அதே உலகச் சந்தைதான் நிற்கிறது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு 1877ல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கங்காணி முன்பணம் கொடுத்தான், கணக்கு எழுதிக்கொண்டான். லண்டன் காலையில் குடிக்கும் காப்பிக்கும் பின்னால் தேயிலைக்கும் கூலியாள் கிடைத்தது இப்படித்தான். மலையகத் தமிழர் வரலாற்றைத் தனியாகவும் பஞ்ச வரலாற்றைத் தனியாகவும் நாம் படிக்கிறோம், இரண்டும் ஒரே அத்தியாயம்.

மழை ஏன் பொய்த்தது என்று அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். 1877-78ல் மிகக் கடுமையான எல் நினோ ஒன்று, அதாவது பசிபிக் கடல் சூடேறி ஊர் ஊராக மழையைக் குலைக்கும் அந்த விவகாரம், வந்தது என்று இன்று நமக்குத் தெரியும். அதே சமயத்தில் வட சீனாவில் பஞ்சம், ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் சாவு. பிரேசிலின் வடகிழக்கில் செயாரா பகுதியில் பெரும் வறட்சி. சென்னைவாசிகளுக்கு இதில் ஒரு சந்தேகம் வரலாம், எல் நினோ வருஷத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகத்தானே பெய்யும், 2015ல் முழங்கால் தண்ணீர் என்ன, முதல் மாடி வரை தண்ணீரே பார்த்தோமே என்று. சரியான சந்தேகம். 1876ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது எல் நினோ முழுசாகத் தலைதூக்கும் முன்பே. 1877ல் அது வலுத்தபோது தென்மேற்குப் பருவமழையைக் கெடுத்தது, பின்பு அதே வருஷம் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டியது. மழை வந்ததும் பஞ்சம் தீர்ந்தது என்று எழுதலாம், ஆனால் எலும்பும் தோலுமாக இருந்தவர்களை அந்த மழைக்குப் பின்னால் வந்த மலேரியா கொண்டுபோனது. சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆராயக் கிளம்பிய அந்தக் கால ஆர்வம்தான் கடைசியில் நுங்கம்பாக்கத்து வானியல் வேலையைக் கொடைக்கானல் மலைக்குக் கொண்டுபோய், 1899ல் அங்கே சூரிய ஆய்வுக்கூடமாக முடிந்தது. அங்கே படகுச் சவாரிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

தந்தி இன்னொரு வேலையும் செய்தது, அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 1877 ஆகஸ்டில் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம். கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனும் கூடவே இருந்தார். லண்டன், மான்செஸ்டர், டப்ளின் என்று பல நகர மேயர்களுக்கு நேரடியாகத் தந்தி கொடுத்து உதவி கேட்டார்கள், கல்கத்தாவைக் கேட்காமலே. லிட்டனுக்குக் கடும் எரிச்சல். இங்கிலாந்தில் ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் வசூலானது, லங்காஷயர் மில் தொழிலாளிகள்கூடச் சில்லறை போட்டார்கள். உலகத்தின் இன்னொரு மூலையில் நடக்கும் பஞ்சத்துக்கு, செய்தி வந்த சில நாளிலேயே ஜனங்கள் காசு அனுப்புவது என்பது அதற்கு முன்னால் சாத்தியமே இல்லாத காரியம். அந்த நிதிக் குழுவின் செயலாளர் வில்லியம் டிக்பி, சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், பிற்பாடு இங்கிலாந்தில் காங்கிரசுக்காக வேலை செய்தார். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த எலும்புக்கூடு மனிதர்களின் புகைப்படங்களும் அப்போது கடல் தாண்டின. இன்று அதே படங்கள் வங்கப் பஞ்சம் என்ற தப்பான தலைப்போடு வாட்ஸப்பில் வருவதுண்டு. விலையைச் சொன்ன அதே கம்பிதான் பட்டினியையும் சொன்னது. ஒரு வித்தியாசம், விலைச் செய்தி 1876 அக்டோபரிலேயே போய்விட்டது, உதவி கேட்டுத் தந்தி போனது 1877 ஆகஸ்டில்.

நிவாரண வேலை என்று மண் வெட்டினார்களே, அதில் ஒரு பகுதி நம் கண்ணெதிரே கிடக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து 1877-78ல் வெட்டிய சுமார் எட்டு கி.மீ. வாய்க்கால். வடக்கே எண்ணூர்ப் பக்கம் ஏற்கெனவே இருந்த பழைய வாய்க்காலோடு சேர்ந்து, ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை நீளும் 420 கி.மீ. நீர்வழியாக அது ஆனது, கவர்னர் பெயரையே வைத்தார்கள், பக்கிங்ஹாம் கால்வாய். விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்த காலம் போய், அப்புறம் சாக்கடை ஆனது, அதற்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டாகிவிட்டது. கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இருந்து மந்தைவெளி வரை ரயில் போவது ஒரு ராத்தல் கூலிக்கு வெட்டிய மண்ணின் மேல்தான். ஒரு கல்வெட்டு வைத்திருக்கலாம். கால்வாய்க்குக் கவர்னர் பெயர் இருக்கிறது, பெரம்பூரில் மில்லுக்குக்கூட அவர் பெயர் இருந்தது.

பஞ்சத்துக்குப் பிறகு என்ன ஆனது? 1880ல் ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது, 1883ல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. விலை இவ்வளவு ஏறினால், ஜனங்கள் கூட்டமாக ஊரை விட்டுக் கிளம்பினால், திருட்டு அதிகமானால் கலெக்டர் என்ன செய்ய வேண்டும், உண்மையிலேயே பஞ்சமா என்று பார்க்கும் சோதனை வேலையை எப்போது ஆரம்பிக்க வேண்டும், ஆளுக்கு எவ்வளவு கூலி, வேலை செய்ய முடியாதவருக்கு எங்கே கஞ்சித் தொட்டி, எல்லாம் எழுத்தில். டெம்பிளின் ஒரு ராத்தல் அதில் இல்லை, அந்த வகையில் கார்னிஷ் தாமதமாக ஜெயித்தார். ரயில் பாதைகளையும் நிறையப் போட்டார்கள். ரயில் வந்த பிறகு பஞ்சச் சாவு குறைந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பக்கம் காட்டுகிறார்கள், அது பெரும்பாலும் சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, ஆனால் இருபதாம் நூற்றாண்டில் ரயிலோடு கூடவே இந்த விதித்தொகுப்பும் நிவாரணப் பணமும் இருந்தன. 1877ல் ரயில் மட்டும் இருந்தது.

அந்த விதித்தொகுப்பில் ஒரு ஓட்டை. அது நடைமுறைக்கு வர வேண்டுமென்றால் அரசு முதலில் பஞ்சம் என்று அறிவிக்க வேண்டும். 1943ல் வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் செத்தார்கள். போர்க்காலம், ஜப்பான் பர்மாவைப் பிடித்திருந்தது, பர்மா அரிசி நின்றுபோயிருந்தது, ரூபாயை அச்சடித்துக் குவித்ததில் விலை எகிறியிருந்தது. பஞ்சம் என்ற அறிவிப்பு கடைசி வரை வரவே இல்லை.